தட்டை மாற்றியது தப்பா?

போன மாசி மாதம் ஒருவருக்குக் கொடுத்த வாக்கை மீறினேன். ஏதோ பெரிய விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பழைய பந்தய சைக்கிளின் முன்பக்கத்துப் பல்சக்கரங்கள் இரண்டையும் கழற்றிவிட்டு, வேறு அளவில் இரண்டைப் பூட்டினேன். அவ்வளவுதான். அதற்காக எண்பது வயதுக்காரர் ஒருவர் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. பாரீசில் இருக்கும் என் தங்கை மகன், "மாமா, நீங்க செஞ்சது பாவம்" என்று போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான். இருவருக்கும் சேர்த்து என் தரப்பை இங்கே எழுதி வைக்கிறேன். படிக்கும் நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

முதலில் வண்டியைப் பற்றி. எங்கள் தெருவில் ஒரு சொல்தா அண்ணன் இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு புதுச்சேரிக்குத் திரும்பியவர். தெற்கே ஃப்ரெழூஸ் ஊரில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து எஸ்தெரேல் மலைப் பாதையில் சைக்கிள் ஓட்டுவாராம். ஊருக்கு வரும்போது அந்த வண்டியையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். எங்கள் வட்டாரத்தில் பத்து கியர் வண்டியை நாங்கள் முதன்முதலில் பார்த்தது அதுதான். அவர் கடற்கரைச் சாலையில் அதில் போனால் பையன்கள் பின்னாலேயே ஓடுவார்கள்.

நாலு வருடத்துக்கு முன்பு ஒரு நாள் அவர் கோரிமேட்டு ஏற்றத்தில் பாதி வழியில் இறங்கித் தள்ள வேண்டியதாகிவிட்டது. பின்னால் வந்த காலேஜ் பிள்ளைகள், "தாத்தா, தள்ளிவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள், அதையும் அவரே சொன்னார். ஆனாலும் அன்றோடு வண்டியைச் சுவரில் மாட்டிவிட்டார். இரண்டு வருடம் கழித்து என்னைக் கூப்பிட்டு, "நீ ஓட்டு தம்பி. துரு ஏறிப்போகுது. ஆனா இதுல ஒரு ஆணியக்கூட மாத்தக் கூடாது" என்றார். சரி அண்ணே என்றேன். அதுதான் அந்த வாக்கு.

அந்த வண்டியில் முன்னால் இருந்தவை 52 பல், 42 பல். பிரெஞ்சில் இதை 'ப்ளத்தோ' என்பார்கள், தட்டு என்று பொருள். நம் சைக்கிள் கடையில் செயின்வீல். பின்னால் ஃப்ரீவீலில் ஐந்து சக்கரம்: 14, 17, 20, 24, 28. முன்னால் இரண்டு, பின்னால் ஐந்து, பெருக்கினால் பத்து கியர்.

கியரின் கனத்தை இங்கிலீஷ்காரர்கள் அங்குலத்தில் சொல்வார்கள். ஒரு காலத்தில் முன்சக்கரம் ஆளுயரமாக இருந்த வண்டி ஓடியதே, அதன் சக்கரம் எத்தனை அங்குலமாக இருந்தால் இந்தக் கியருக்குச் சமம் என்று பார்க்கும் கணக்கு அது. பிரெஞ்சுக்காரர்களுக்கு மீட்டர் கணக்கு. பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் வண்டி எத்தனை மீட்டர் போகும் என்பதே கேள்வி. இதற்கு 'தெவ்லொப்மான்' என்று பெயர். நான் பிரெஞ்சில் படித்தவன், எனக்கு இதுதான் சுலபம். முன் பல்லைப் பின் பல்லால் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்க வேண்டும். இந்த வகை வண்டியில் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர்.

ஆக 52-ஐயும் 14-ஐயும் சேர்த்தால் ஒரு மிதிக்கு 7.8 மீட்டர். 42-ஐயும் 28-ஐயும் சேர்த்தால் 3.15 மீட்டர். அந்த வண்டியில் இருக்கிற மிக லேசான கியரே இந்த 3.15 தான். இளவயதுக்காரருக்கு அது லேசு. எழுபது தாண்டிய முட்டிக்கு, எதிர்க்காற்றும் சேர்ந்தால், கல் உரலை இழுக்கிற மாதிரி.

மேல் முனையையும் பாருங்கள். நிமிடத்துக்கு 60 சுற்று என்று நிதானமாக மிதித்தாலும், 7.8 மீட்டர் கியரில் வண்டி மணிக்கு 28 கிலோமீட்டர் ஓட வேண்டும். நான் போவது 17, 18. அந்தக் கியரை இரண்டு வருடத்தில் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. அடுத்த 17 பல் சக்கரத்தையும் தொட்டதில்லை. வீட்டில் எதற்கென்றே தெரியாமல் இருக்கும் அண்டா மாதிரி, 52 தட்டு பெருமைக்குத்தான் மின்னிக்கொண்டிருந்தது.

இரண்டு வருடம் வாக்கைக் காப்பாற்றினேன். அதாவது, சமதரையில் மட்டும் ஓட்டினேன். பிறகு காற்று இல்லாத காலையில் மட்டும். பிறகு வாரம் ஒருமுறை. கடைசியில் துடைத்து வைப்பது மட்டும் வேலையாகிவிட்டது. அண்ணன் வீட்டுச் சுவரிலிருந்து என் வீட்டுச் சுவருக்கு வந்திருந்தது வண்டி. இது ஒரு நாள் துடைக்கும்போது திடீரென்று உறைத்தது. எந்தத் துருவுக்குப் பயந்து என்னிடம் கொடுத்தாரோ, அது இங்கேயும் ஏறத்தான் போகிறது.

அப்போதுதான் தட்டை மாற்றலாமா என்று யோசித்தேன். நம்மில் பலர் நினைப்பது போல எந்தத் தட்டையும் எதிலும் மாட்டிவிட முடியாது. இதற்குச் சட்டம் உண்டு. பல்லின் எண்ணிக்கை நம் விருப்பம், ஆனால் ஓட்டைகளின் வட்டம் நம் விருப்பம் இல்லை.

கிராங்கிலிருந்து ஐந்து கை நட்சத்திரம்போல நீண்டிருக்கும். ஒவ்வொரு கை நுனியிலும் ஒரு போல்ட். இந்த ஐந்து போல்ட்டுகளும் ஒரு வட்டத்தில் அமைகின்றன. அந்த வட்டத்தின் விட்டம் ஒவ்வொரு வகைக்கும் வேறு. இத்தாலியக் கம்பானியோலோ 1960-களின் பிற்பகுதியில் 144 மில்லிமீட்டருக்கு வந்தது. பலரும் அதைப் பின்பற்றினார்கள். ஜப்பானிய ஷிமானோவின் பந்தயக் கிராங்குகளில் பிறகு 130 வழக்கமானது. பிரெஞ்சு ஸ்ட்ராங்லைட்டில் 93, 105 எண் கொண்டவற்றுக்கு 122. 99 எண் கொண்டதற்கு 86. இன்னும் சிறிய தட்டு விரும்புகிறவர்களுக்கு 110 வந்தது.

வட்டம் பெரிதானால், அதைவிடச் சிறிய தட்டை மாட்ட இடமே இருக்காது. பல் வந்து போல்ட்டின் மேல் உட்கார்ந்துவிடும். ஆகவே 144-இல் 41 பல்லுக்குக் கீழே போக முடியாது. 130-இல் 38. 110-இல் 33 வரை இறங்கலாம். 86-இல் 28 வரைக்கும். பழைய பந்தய வண்டிகளில் 42 என்ற எண் அடிக்கடி வருவதற்கு நம் கால் காரணமில்லை, அந்த வட்டமும் ஒரு காரணம்.

நான் முதலில் இதெல்லாம் தெரியாமல் 34 பல் தட்டு ஒன்றை வரவழைத்தேன். கையில் பிடித்துப் பார்த்தால் ஒரு ஓட்டைகூடப் பொருந்தவில்லை. அது 110, வண்டியில் இருப்பது 122. தப்பு முழுக்க என்னுடையது, அளக்காமல் வாங்கினேன். அளப்பது மிகச் சுலபம். ஐந்து ஓட்டையில் பக்கத்துப் பக்கத்து இரண்டின் நடுவிலிருந்து நடுவுக்கு ஸ்கேலில் அளந்து, 1.7-ஆல் பெருக்குங்கள். 122 வட்டமென்றால் அந்தத் தூரம் ஏறக்குறைய 71.7 மில்லிமீட்டர், 110 என்றால் 64.7. ஏழு மில்லிமீட்டரை அரத்தால் ராவிச் சரிசெய்ய முடியாது. முப்பது வருடம் பைலில் நம்பர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன், சொந்தக் காரியத்தில் சரிபார்க்கவில்லை!

122 வட்டத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறியது 38. அதை உள்ளே போட்டு, வெளியே பழைய 52-ஐயே விட்டுவிடலாமா? முதலில் அதைத்தான் நினைத்தேன், அண்ணனின் வாக்கு பாதியாவது மிஞ்சுமே என்று. இங்கேதான் அளவுகளைக் கலப்பதில் இரண்டாவது சட்டம் வருகிறது. பின்னால் செயினை இழுத்துப் பிடித்திருக்கும் தெராயேருக்கு ஒரு கொள்ளளவு உண்டு. முன் தட்டுகளின் வித்தியாசத்தையும், பின் சக்கரங்களின் வித்தியாசத்தையும் கூட்ட வேண்டும். 52-க்கும் 42-க்கும் 10, 28-க்கும் 14-க்கும் 14, மொத்தம் 24. அதுவே 52-38 என்றால் மொத்தம் 28. குட்டைக் கை வைத்த பழைய தெராயேரால் அவ்வளவு தளர்ச்சியைச் சுருட்ட முடியாமல் போகலாம். சிறிய தட்டில் சிறிய சக்கரம் போட்டால் செயின் தொங்கும். போதாததற்கு, ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது 14 பல் ஒரேயடியாக மாறுகிறது. கால் திடீரென்று காற்றில் மிதிக்கும். ஏற்றத்தின் நடுவில் அது நல்லதல்ல.

ஆகவே இரண்டையும் இறக்கினேன். வெளியே 46, உள்ளே 38. வித்தியாசம் 8, பின்னால் 14, மொத்தம் 22. தெராயேருக்குச் சிரமமே இல்லை.

இனி என்ன இழந்தேன், என்ன பெற்றேன் என்ற கணக்கு. மிக லேசான கியர் 3.15-இலிருந்து 2.85 மீட்டருக்கு இறங்கியது. கேட்க அற்பமாக இருக்கும். ஏற்றத்தில் ஒவ்வொரு மிதிக்கும் பத்தில் ஒரு பங்கு பாரம் குறைகிறது என்று அர்த்தம். மிகக் கனமானது 7.8-இலிருந்து 6.9-க்கு வந்தது. அதில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 25 கிலோமீட்டர். எனக்கு அதுவே அதிகம். நான் வழக்கமாகப் போகும் வேகத்துக்கு இப்போது 46-இல் 20 பல் சக்கரம் சரியாக வருகிறது, 4.83 மீட்டர். ஐந்து சக்கரத்தில் அது நடுச்சக்கரம். செயின் கோணாமல் நேராக ஓடுகிறது, தேய்மானமும் சத்தமும் குறைவு.

'பத்து கியரைக் கெடுத்துவிட்டாயே' என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது பத்து கியராக எப்போதுமே இருந்ததில்லை. 52-இல் 17 போட்டால் 6.42 மீட்டர், 42-இல் 14 போட்டால் 6.3. இரண்டும் காலுக்கு ஒன்றுதான். இப்படியே நாலு ஜோடி. ஜோடிகளை ஒன்றாக எண்ணினால் மிச்சம் ஆறு. என் 46-38 கலவையிலும் அதே ஆறுதான். ஏணியின் படி ஒன்றுகூடக் குறையவில்லை. ஏணியைக் கொஞ்சம் தாழ்வாக வைத்தேன், அவ்வளவுதான்.

யாராவது உங்கள் பழைய வண்டியில் இதைச் செய்ய நினைத்தால், இன்னும் சில விஷயங்கள் உண்டு. பெரிய தட்டு சிறிதானால், முன் தெராயேரையும் கீழே இறக்க வேண்டும். பல் ஒன்றுக்கு 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பல்லுக்கு 12. செயினிலும் ஒரு ஜோடிக் கண்ணியைக் கழற்ற வேண்டிவரும். நம் ஊர்ச் சாதாரண சைக்கிளின் தட்டு கியர் வண்டிக்கு ஆகாது. இரண்டிலும் பல்லுக்குப் பல் 12.7 மில்லிமீட்டர்தான், ஆனால் சாதாரண வண்டியின் பல் தடிமன், கியர் வண்டியின் மெல்லிய செயின் அதில் உட்காராது. இப்போதைய தட்டுகளில் செயினை ஏற்றிவிடச் சிறு ஆணிகளும் சரிவுகளும் வைத்து, இந்த 34-க்கு இந்த 50 என்று ஜோடி சேர்த்தே செய்கிறார்கள். ஜோடி மாற்றிப் போட்டால் கொஞ்சம் முரண்டு பண்ணும். பழைய வண்டியில் கியர்க்கம்பியைக் கையால் உணர்ந்து மாற்றுகிறோம், அதனால் அது பெரிய குறையாகத் தெரியாது.

முக்கியமாக ஒன்று. உள் தட்டை மாற்றக் கிராங்கையே கழற்ற வேண்டும், அதற்குப் புல்லர் வேண்டும். கடையில் இருப்பது 22 மில்லிமீட்டர் மரை. பழைய ஸ்ட்ராங்லைட் கிராங்குக்கு 23.35. அதை இதில் திணித்தால் அலுமினிய மரை உதிர்ந்துவிடும், பிறகு கிராங்கே வீண். எங்கள் கடைக்காரத் தம்பி நல்லவேளையாக நிறுத்திக் கேட்டார். சரியான புல்லர் எங்கே இருந்தது தெரியுமா? அண்ணன் வண்டியோடு கொடுத்த கருவிப் பையிலேயே, துணியில் சுற்றி, எண்ணெய் தடவி!

அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி பாரம் இறங்கியது. ஒரு ஆணியைக்கூட மாற்றக் கூடாத வண்டிக்குப் புல்லர் எதற்கு?

இப்போது தங்கை மகனின் வாதத்துக்கு வருகிறேன். 38-ஐயும் 46-ஐயும் அங்கிருந்து வாங்கி அனுப்பியவனே அவன்தான். எதற்கு என்று நான் சொல்லவில்லை, உபரிக்கு என்று நினைத்திருக்கிறான். "பழைய வண்டி எப்படி வந்ததோ அப்படியே இருக்கணும் மாமா, அதுதான் மதிப்பு" என்கிறான். பந்தயத்தில் பேர் வாங்கிய வண்டி, கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டிய வண்டி என்றால் நானும் அதையே சொல்வேன். ஒரு சொல்தா ஞாயிற்றுக்கிழமை ஓட்டிய வண்டிக்கு அந்தச் சட்டம் எதற்கு?

அவன் சொல்லும் பிரெஞ்சுப் பாரம்பரியத்திலேயே இந்தச் சண்டை பழசு. செந்த்-எத்தியென் நகரத்தில் போல் த விவி என்று ஒருவர் இருந்தார். 1853-இல் பிறந்து 1930-இல் இறந்தவர். 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதியவர், சைக்கிள் பத்திரிகை நடத்தியவர். முன்னால் இரண்டு தட்டு வைத்து, செயினைக் கையாலேயே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப் போட்டு மலை ஏறிக் காட்டினார். சாதாரண மனிதனுக்குப் பல கியர் வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடினார். எதிர்ப்பக்கம் ஆன்ரி தெகிரான்ஜ். 1903-இல் தூர் த ஃபிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கியவர். அந்தப் பந்தயத்தில் தெராயேர் அனுமதிக்கப்பட்டது 1937-இல்தான். அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கம் திருப்பிப் பூட்டி ஏறினார்கள். லேசான கியர் என்றால் இளக்காரம் என்ற எண்ணம் அந்தக் காலத்துச் சரக்கு. நாமும் நம் பங்குக்கு அதைச் சுமக்க வேண்டுமா?

அதே பிரான்சில் தெ.ஆ. என்ற கம்பெனி சுற்றுலா சைக்கிள்காரர்களுக்காகவே ஒரு கிராங்கு செய்தது. வெளித்தட்டு கிராங்கில் சிறிய வட்டத்தில் பூட்டும். உள் தட்டு அந்த வெளித்தட்டிலேயே ஆறு போல்ட்டில் தொங்கும். 26 பல் வரை இறங்கலாம். எந்த அளவோடு எந்த அளவு என்று ஓட்டுகிறவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஆக, கலந்து போடுவது ஏதோ பாண்டிச்சேரிக் கிழவனின் கைவேலை அல்ல. அங்கேயே முறைப்படி நடந்த காரியம்.

ஆபீசில் சர்வீஸ் ரிஜிஸ்டரில் ஒரு தப்பைத் திருத்த வேண்டுமானால், பழைய எழுத்தைச் சுரண்டக் கூடாது. படிக்கிற மாதிரி ஒரே கோடு இழுத்து, மேலே புதிதை எழுதி, சின்னக் கையெழுத்துப் போட வேண்டும். நான் செய்ததும் அதுதான். 52-ஐயும் 42-ஐயும் மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் தடவி, அதே போல்ட்டுகளோடு பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். கழற்றிய செயின் கண்ணிகூட அதில் இருக்கிறது. எந்த நாளும் ஒரு மணி நேரத்தில் பழையபடி ஆக்கிவிடலாம். அரத்தால் ராவுவது, வெல்டிங் வைப்பது, பெயிண்ட் அடிப்பது, இதையெல்லாம் செய்திருந்தால் பாவம் என்று நானே ஒத்துக்கொள்வேன். கழற்றி மாட்டக்கூடியதைக் கழற்றி மாட்டுவது பாவம் ஆகாது.

அண்ணன் விஷயத்தில் மட்டும் ஒரு குறையை ஒத்துக்கொள்கிறேன். கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. அது கோழைத்தனம். அவர் கோபப்பட்டது நியாயம்.

மூன்று வாரம் கழித்து, போன வியாழக்கிழமை, தானாக வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நேரே வண்டியிடம் போய், பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைக் கையால் சுற்றினார். தலையைச் சாய்த்துச் சத்தம் கேட்டார். கியரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்.

"கழட்டினது எங்க?" என்றார். வேட்டி மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்தேன். பிரித்து, 52-ஐ எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் சுற்றினார்.

"கடைசி கியர் இப்ப எவ்வளவு?"

"2.85 அண்ணே."

அதைப் பிரெஞ்சில் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "எஸ்தெரேல்லயே இது இருந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. காப்பி மட்டும் குடித்தார்.

போகும்போது வாசலில் நின்று, "சீட்டு எனக்குக் கொஞ்சம் உயரமா இருக்கும்" என்றார். அன்று சாயங்காலமே ஒரு விரற்கடை இறக்கி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவாரா என்று தெரியாது. டயரில் காற்று மட்டும் அடித்து வைத்திருக்கிறேன்.